எதிர் அணியில் இருக்கும் அக்காவோடு சேர்ந்து ஐயருக்காக எப்படி ஜெபிப்பது?

நெல்லைச்சீமை மகள் கேட்டது:

ஸ்தோத்திரம். எங்களுடையது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பக்கத்துத் தெரு அக்கா ஒருவரும் நானும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் டியூஷனுக்குப் போனதும் சேர்ந்து ஜெபிப்பது வழக்கம். பிள்ளைகள் படிப்பு, அக்கா மாமியாரின் சுகர், என் வீட்டுக்காரர் வேலை, கடைசியில் எங்கள் சபைக் குருவான ஐயருக்காகவும் அவர் மனைவி ஐயரம்மாவுக்காகவும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளுக்கெல்லாம் சேர்த்து நடக்கும் நிர்வாகத் தேர்தல், வந்தது. அக்கா வீட்டார் ஒரு அணி, நாங்கள் இன்னொரு அணி. தேர்தல் முடிந்தும் சூடு தணியவில்லை. ஐயர் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். அவர் யார் பக்கமும் இல்லை என்கிறார் அக்கா. போன வாரம், "ஆண்டவரே, ஐயரைக் குறை பேசுகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று ஜெபித்தார். என்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

வேறு யாரோடாவது ஜெபி என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசில்லை. மனதில் வருத்தத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்காக உண்மையாய் ஜெபிக்க முடியுமா? அதுவும் அக்காவோடு?

பாளை டீச்சர்:

அந்த அக்காவை விட்டுவிடாதேம்மா. இந்த நேரத்தில் உனக்கு அவர்களைவிட நல்ல ஜெபத்துணை கிடைக்க மாட்டார்கள்.

ஒரே அணிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஐயருக்காக ஜெபித்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் அது அவர்மேல் எழுதிய புகார் மனுவாகிவிடும், கடைசியில் மட்டும் ஒரு ஆமென் இருக்கும். மத்தேயு 18-இல் இரண்டு பேர் ஒருமனப்பட்டுக் கேட்பதைப் பற்றி ஆண்டவர் சொல்கிறார். ஏற்கெனவே ஒரே கருத்தில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. உனக்கும் அக்காவுக்கும்தான் அது உழைப்பு. இரண்டு பேரும் மனதாரச் சொல்ல முடிகிற ஜெபம் மட்டும்தான் அந்த அறையில் நிற்கும். அது நல்லது.

என் ஜெபத்துணைக்கும் எனக்கும் இடையில் இதே மாதிரி ஒரு காலம் வந்தது. ஐயருக்கு மாற்றல் வரட்டும் என்பது அவள் வேண்டுதல், அவர் இங்கேயே இருக்கட்டும் என்பது என் வேண்டுதல். ஒருத்தி ஜெபிக்கும்போது மற்றவள் வாயை மூடிக்கொள்வாள். ஒரு நாள் அவளே ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து, "டீச்சர், எப்படிச் சொன்னால் நீங்கள் ஆமென் சொல்வீர்கள்?" என்று கேட்டாள். நேரம் எடுத்து யோசித்து, "அவர் இங்கே இருக்கிற நாள்வரைக்கும் அவர் பிரசங்கத்தில் உம்முடைய வார்த்தை இருக்கட்டும்" என்றேன். அதற்கு இரண்டு பேருமே ஆமென் சொன்னோம். பிறகு வாரம் முழுக்க அந்த ஒரு வரிதான்.

உட்கார்ந்ததும் பேச ஆரம்பிக்காதீர்கள். ஒரு சங்கீதம் வாசியுங்கள், ஜெபியுங்கள், காப்பியும் பேச்சும் அப்புறம். பேச்சு முந்திக்கொண்டால் அதில் வந்த கோபம்தான் ஜெபத்திலும் வரும்.

வருத்தத்தோடு ஜெபிக்க முடியுமா என்று கேட்டாய். முடியும். ஆனால் "ஐயரை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொன்னால் மனசு ஒட்டாது. அவருடைய வாரத்தை எடுத்துக்கொள். எங்கள் ஐயருக்கு இந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு அடக்க ஆராதனை, மத்தியானம் ஒரு கல்யாணம், ராத்திரிதான் பிரசங்கத்துக்கு உட்கார்ந்திருப்பார். மறுநாள் இங்கே ஆராதனை முடித்துவிட்டுக் கிளைச் சபைக்குத் திருவிருந்து (அப்பமும் ரசமும்) கொடுக்க ஓடினார். மற்ற வாரங்களில் அங்கே குருப்பட்டம் பெறாத ஊழியரான உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார், ஐயர் வந்தால்தான் திருவிருந்து. சாவு வீட்டில் அழுதவர்களைப் பார்த்துவிட்டுக் கல்யாண வீட்டில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டிய அந்த மனுஷனுக்காக ஜெபிக்க அணி தேவையில்லை.

பவுல் தனக்காக என்ன கேட்டார் என்றும் பார். ரோமர் 15-இல், எருசலேமுக்குத் தான் கொண்டுபோகிற தர்மசகாயத்தை அங்குள்ள பரிசுத்தவான்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்கிறார். சபையாரே தன்னை ஏற்றுக்கொள்வார்களோ என்ற கவலை பவுலுக்கே இருந்திருக்கிறது. உங்கள் ஐயருக்கு இருக்காதா?

ஒன்றுமே வாயில் வராத நாளில் ஜெபப் புத்தகத்தில் உள்ள தொடர் வேண்டுதலான லித்தானியாவை எடுத்து வாசியுங்கள். பேராயர்களுக்காகவும் குருமாருக்காகவும் அதில் வேண்டுகிறோம். அங்கே யாருடைய பெயரும் இல்லை, யார் எந்தப் பக்கம் என்ற கேள்வியும் இல்லை.

கமிட்டிக்காரன்:

டீச்சர் சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன் தங்கச்சி. உங்கள் வருத்தம் என்ன வகை என்று முதலில் பாருங்கள். "சாய்ந்துவிட்டார்" என்பது பேச்சு. அதை ஜெபத்தில் வையுங்கள், ஆறிவிடும். ஆனால் காணிக்கைக் கணக்கில் சந்தேகம், யாருக்கோ அநியாயம் நடந்திருக்கிறது என்றால் அதைக் கமிட்டியில் எழுத்தில் கேட்க வேண்டும். "ஜெபிப்போம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லியே எத்தனையோ கணக்கு மூடப்பட்டிருக்கிறது. ஜெபித்துவிட்டு எழுந்து போய்க் கேட்பதும் சபைமேல் உள்ள அன்புதான்.

குருமனைப் பிள்ளை:

நான் ஐயர் வீட்டில் வளர்ந்தவன். அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் எங்களுக்குப் புதுப் பள்ளிக்கூடம், அம்மாவுக்குப் புதுத் தெரு. சபையில் சண்டை என்றால் சாப்பாட்டு மேசையில் அப்பா பேச மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். அதனால் ஐயர் பிள்ளைகளையும் உங்கள் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஐயருக்கும் ஒரு ஜெபத்துணை கிடைக்க வேண்டும் என்று வேண்டுங்கள். சபைக்குள் யாரிடம் மனம் திறந்தாலும் அணி பிரிந்துவிடும். அப்பாவுக்கு வேறு சேகரத்து (ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஐயர் ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்துவிட்டு வெளியே வந்தால் அப்பா முகமே வேறாக இருக்கும். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்நின்றவர், 1912-இல் தோர்ணக்கல் பேராயர் ஆனவர். அவர் 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிகளிடம் கேட்டது என்ன? எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றுதான். வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றிச் சொன்னார். ஐயருக்கும் சபையாருக்கும் நடுவிலும் அப்படி ஒரு இடைவெளி உண்டு.

நெல்லைச்சீமை மகள்:

எல்லாருக்கும் நன்றி. இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "எப்படிச் சொன்னால் ஆமென் சொல்வாய்" என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வெள்ளி ஐயர் மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக ஜெபிக்கிறோம். அதில் இரண்டு பேருக்கும் தடையில்லை. ஐயரம்மாவிடமே நேரில் போய் ஜெபக்குறிப்பு கேட்கலாமா என்கிறார் அக்கா. கேட்கலாமா டீச்சர்?

பாளை டீச்சர்:

தாராளமாகக் கேளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள், தனித்தனியாகப் போனால் ஊர் வேறு மாதிரி பேசும். முதல் தடவை "எல்லாரும் சுகமாயிருக்கிறோம்மா" என்றுதான் சொல்வார்கள். வற்புறுத்த வேண்டாம், பிள்ளை பரீட்சைக்காக ஜெபிக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு எப்போதாவது ஏதாவது சொன்னால் அது உங்கள் இருவரோடு நிற்கட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸப் குரூப்பில் "ஜெபக்குறிப்பு" என்று போட்டுவிடாதீர்கள்.