நியோமட்டில் மெயில் திறக்கவில்லை, அவசரம்

காட்பாடி_கருப்புத்திரை: டெர்மினலில் மெயில் பார்க்கும் நியோமட் நிரலில் போன வாரம்தான் ஓஆத் (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் என்ற அனுமதிச் சாவியால் நுழையும் முறை) எல்லாம் அமைத்தேன், நன்றாக ஓடியது. இன்று காலையிலிருந்து லாகின் ஆகவே இல்லை, நான் எதையும் தொடவில்லை. ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு இன்றைக்குள் பில் போக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

குடியாத்தம்_லினக்ஸ்: எந்த மெயில்? ஜிமெயிலா, அவுட்லுக்கா? என்ன பிழை வருகிறது? டோக்கன் எடுக்க எந்த ஸ்கிரிப்ட்?

பாலாறு: கரண்ட் போய் வந்ததா? கணினி நேரம் தவறியிருக்கும். என் பழைய பெட்டியில் பேட்டரி செத்து, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பின்னால் போய்விடும், அப்புறம் சான்றிதழ் செல்லாது என்று அடம்பிடிக்கும்.

மூத்த_முனையவாசி: எத்தனை முறை பேசியாகிவிட்டது. தம்பிகளுக்குத் தேடும் பழக்கமே இல்லை. ஸ்கிரிப்ட்டோடு ரீட்மீ என்ற விளக்கக் கோப்பு இருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள்.

காட்பாடி_கருப்புத்திரை: ஜிமெயில். நேரம் சரியாகத்தான் இருக்கிறது. இன்வாலிட் கிராண்ட், அதாவது அனுமதி செல்லாது என்று வருகிறது. நியோமட்டோடு வரும் பைத்தான் ஸ்கிரிப்ட்தான்.

ஆற்காடு_மக்கன்பேடா: எதற்கு இந்தப் பாடு? டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, மெயில் நிரலுக்கென்று கூகுள் தரும் தனி ஆப் பாஸ்வேர்டு எடுங்கள், 16 எழுத்து, வேலை முடிந்தது.

குடியாத்தம்_லினக்ஸ்: அந்த 16 எழுத்து வெளியே போனால் மொத்தப் பெட்டியும் போச்சு. அவுட்லுக்கில் அதுவும் நடக்காது, 2024 செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள்.

ஆற்காடு_மக்கன்பேடா: அவர் கேட்டது ஜிமெயில். உங்கள் ஓஆத் டோக்கனும் மொத்தப் பெட்டிக்கும்தானே அனுமதி வாங்குகிறது, அதில் என்ன பெரிய பாதுகாப்பு?

குடியாத்தம்_லினக்ஸ்: ஸ்கிரிப்ட் டோக்கனை ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டி வைக்கிறது. நீங்கள் பாஸ்வேர்டைக் கான்ஃபிக் கோப்பில் அப்படியே எழுதி வைப்பீர்கள்.

சத்துவாச்சாரி_ரூட்: சண்டை இருக்கட்டும். ஒரு வாரத்தில் செத்தது என்றால் கூகுள் கிளவுட் கன்சோலில் ஓஆத்துக்காக நீங்கள் பதிந்த ஆப் இன்னும் டெஸ்டிங் நிலையில்தான் இருக்கும், அந்த நிலையில் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு (அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் டோக்கன்) ஆயுள் 7 நாள்தான். பப்ளிஷ் ஆப் அழுத்தி புரொடக்‌ஷனுக்கு மாற்றுங்கள். நீங்கள் ஒருவர் பயன்படுத்த ஆப்பைக் கூகுளின் வெரிஃபிகேஷனுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அப்புறம் ஸ்கிரிப்ட்டை முதலிலிருந்து ஓட்டிப் புது டோக்கன் வாங்க வேண்டும், பழையது இனி பிழைக்காது. சரிபார்க்கப்படாத ஆப் என்று ஒரு பக்கம் வந்து பயமுறுத்தும், அட்வான்ஸ்ட் அழுத்தித் தாண்டிப் போங்கள்.

மூத்த_முனையவாசி: இதைத்தான் நானும் சொன்னேன்.

ஆற்காடு_மக்கன்பேடா: எங்கே ஐயா சொன்னீர்கள்? படி என்றுதானே சொன்னீர்கள்.

காட்பாடி_கருப்புத்திரை: டெஸ்டிங்தான். மாற்றிவிட்டேன், பில் போயாச்சு. நன்றி ரூட் அண்ணா.

பாலாறு: எதற்கும் அந்த பேட்டரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.