புதுப்பிப்பு: லகூனா மாட்ரே ரெட்ஃபிஷும் புல்லில் சிக்கும் தூண்டிலும்

டெக்சாஸ் கரையோர உப்பங்கழியான லகூனா மாட்ரேவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் ரெட்ஃபிஷ் மீனுக்குத் தூண்டில் எறிந்தால் கடற்புல்தான் மாட்டுகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். தங்க நிற ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) போடச் சொன்னவர்களுக்கு நன்றி. முள்ளுக்கு முன்னால் கம்பிக் காப்பு உள்ள கால் அவுன்ஸ் ஸ்பூன் வாங்கினேன். புல்லை உரசிக்கொண்டே வழுக்கி வந்துவிடுகிறது.

ஆனால் பெரிய வித்தியாசம் எறியும் இடத்தில்தான். ரெட்ஃபிஷ் நண்டைத் தேடித் தலைகுப்புற மேயும்போது வால் மட்டும் வெளியே ஆடும், அடியில் அந்தக் கறுப்புப் பொட்டோடு. அதன் தலைமேலேயே போட்டால் ஓடிவிடும். அது போகும் திசையில் சற்றுத் தள்ளிப் போட்டு, குறுக்கே மெதுவாக இழுத்தேன். ரீல் கிர்ரென்று கத்தியது! 24 அங்குலம். டேக் (மீன்பிடி உரிமத்தோடு வரும், பெரிய மீனுக்கான சீட்டு) இல்லாமல் 20 முதல் 28 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம், அதனால் குழம்புக்கு வந்துவிட்டது.

திருக்கையை மிதிக்காமலிருக்கக் காலைத் தூக்காமல் தேய்த்து நடக்கச் சொன்னதும் சரி. ஒன்று சேற்றைக் கிளப்பிக்கொண்டு விலகிப் போனது. அப்புறம், படகில் வருபவர்கள் மோட்டாரைத் தூக்கிக்கொள்ளுங்கள். மோட்டார் விசிறியால் கடற்புல்லை வேரோடு பிடுங்கினால் டெக்சாஸில் அபராதம் உண்டு.