கத்திரிக்காய்க்கு 20 கலோரி என்று எழுதிவந்தேன்

சாப்பிடுவதையெல்லாம் ஃபோனில் ஓர் ஆப்பில் பதிய ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கணக்குப்படி ஒரு நாளைக்கு 1,500 கலோரிதான். எடை மட்டும் அசையவே இல்லை. சாதத்தைக் குறைத்தேன், ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தேன். ம்ஹூம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கத்திரிக்காய் வதக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். கால் கிலோ காய், இரண்டு கரண்டி எண்ணெய். ஐந்து நிமிடத்தில் வாணலி வறண்டுபோனது. ஊற்றியதையெல்லாம் காய் குடித்துவிட்டது. அடிபிடிக்குமே என்று இன்னொரு கரண்டி. இறக்கும்போது மேலாகக் கொஞ்சம். "எவ்வளவும்மா ஊத்தினே?" என்றேன். "எப்பவும் ஊத்துறதுதான்டி, எல்லாம் கண்ணளவுதான்" என்றாள்.

அடுத்த முறை எண்ணெய்த் தூக்கைச் சமைப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்தேன். 46 கிராம் குறைந்திருந்தது. கிராமுக்கு 9 கலோரி, ஆக 414. காய்க்கு மொத்தமே 60 சொச்சம்தான். வீட்டில் மூன்று பேர் என்பதால் என் பங்குக்கு 20 என்று பதிந்துவந்தேன். எண்ணெயில் என் பங்கு மட்டும் 138! பொரியல், தாளிப்பு, தோசைக்கல் எல்லாம் இதே கதைதானே.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சமைக்காத நிலையில் அளந்தவை. நம் வீட்டு வாணலியில் என்ன சேர்கிறது என்பதை நாம்தான் பார்த்து எழுத வேண்டும்.

இப்போது காயை இட்லிப் பானையில் முக்கால் வேக்காடு எடுத்துவிட்டு வதக்குகிறோம். வெந்த காய் பஞ்சு போல எண்ணெயை இழுப்பதில்லை. 15 கிராமிலேயே முடிந்துவிடுகிறது. அந்த முறுகல் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். இப்படி வேறு யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

மறுமொழி

எனக்கு நேர் எதிராக நடந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. மதியம் அவர் தட்டில் 250 கிராம் சாதம் வைத்துவிட்டு, ஆப்பில் 'அரிசி, 250 கிராம்' என்று போட்டேன். 880 கலோரி என்று காட்டியது. பயந்துபோய்ப் பாதியாக்கினேன், அப்புறம் அதிலும் பாதி. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஒரு நாள் மூன்று மணி இருக்கும், வேர்த்துக் கொட்டி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை நடுங்குகிறது. மாத்திரை பழைய அளவு, சோறு மட்டும் கால்வாசி. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம்.

நான் பார்த்தது வேகாத அரிசியின் கணக்கு. அது 100 கிராமுக்குச் சுமார் 350. வெந்தால் தண்ணீர் ஏறி இரண்டரை, மூன்று மடங்கு கனக்கும்; அதனால் 100 கிராம் சாதத்தில் 130 போலத்தான் இருக்கும். அப்பாவின் தட்டில் இருந்தது 325. கோழிக்கறியில் இது தலைகீழ். வேகும்போது நீர் வடிந்து 100 கிராம் கறி 75 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். வெந்ததை நிறுத்துவிட்டு வேகாத கறியின் கணக்கில் எழுதினால் குறைவாகக் காட்டும்.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களின் சாதத்தில் டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

மறுமொழி

குழம்பு, கூட்டு வகைகளுக்கு நான் செய்வது இது. உள்ளே போகும் பருப்பு, தேங்காய், எண்ணெய் எல்லாவற்றையும் சமைக்கும் முன்பே நிறுத்து மொத்தக் கலோரியைக் குறித்துக்கொள்வேன். இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழிப்பேன். 1,200 கிராம் சாம்பாரில் என் கிண்ணத்துக்கு 200 கிராம் என்றால் ஆறில் ஒரு பங்கு. தண்ணியாக வைத்தாலும் கெட்டியாக வைத்தாலும் கணக்கு தப்பாது.

வடை சுட்டால், சட்டியில் ஊற்றிய எண்ணெயையும் ஆறியபின் மீந்ததையும் நிறுத்துப் பார்ப்பேன். குறைந்தது முழுவதும் வடைக்குள் என்றே வைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு முறையும் காலிப் பாத்திரத்தை நிறுக்க முடியாது என்பதால் அடுப்பு மேடைக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: சாம்பார்ச் சட்டி 640, சின்ன வாணலி 910, குக்கர் மூடி இல்லாமல் 1,380.