ஓசிடியில் (விழித்திரை அடுக்குகளின் தடிமனை ஒளியால் அளக்கும் கண் ஸ்கேன்) நரம்பு இழை மெலிவு என்று வந்தவர்கள், பிறகு என்ன ஆயிற்று?

மைனஸ் எட்டு:
இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 8. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஓசிடி எடுத்தார்கள். தாளில் நரம்பின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் சிவப்பு, அதாவது இழை அடுக்கு மிக மெலிவு; சராசரித் தடிமன் 70 மைக்ரான். கிளாக்கோமா (பார்வை நரம்பை அரிக்கும் நோய்) என்று அன்றே சொட்டு மருந்து எழுதினார்கள். தூக்கமே போய்விட்டது. வேறொரு டாக்டர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். என் வயதில் நலமாக இருக்கும் நூறு பேரில் ஒருவருக்கு இந்தச் சிவப்பு வரத்தான் செய்யும் என்றார். கிட்டப்பார்வை அதிகமானால் கண் நீளும்; இழைக் கற்றைகள் நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒதுங்கும்; கருவி எதிர்பார்க்கும் இடத்தில் தடிமனின் மேடு இருக்காதாம். கண் அழுத்தமும் விஷுவல் ஃபீல்டும் (பார்வைப் பரப்புச் சோதனை) சரியாக இருந்தன. மருந்தை நிறுத்திவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தார். நான்கு ஆண்டுகளாக 75, 74 என்றே வருகிறது.

மங்கிய சிவப்பு:
எனக்கு நேர்மாறு. கண்ணை அசைத்தால் வலி, சிவப்புத் துணி வெளிறித் தெரிந்தது. பார்வை நரம்பு அழற்சி. முதல் ஓசிடி ஸ்கேனில் சராசரி 112 மைக்ரான் என்று வந்ததும் நல்லது என்று நினைத்துவிட்டேன். அது வீக்கம். வடிந்தபின், ஆறாம் மாதம் 81. மற்ற கண்ணில் 98. பார்வை 6/6க்குத் திரும்பியது, போன இழைகள் திரும்பவில்லை. எம்ஆர்ஐக்குப் பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்பு உறைகளைத் தாக்கும் நோய்) என்று உறுதியானது. நியூராலஜிஸ்ட்டுக்கு எதற்குக் கண் ஸ்கேன் என்று கேட்டேன். மூளையில் இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு, விழித்திரைக்குள் பொதுவாகக் கிடையாது, அதனால் இழை எவ்வளவு போயிருக்கிறது என்று அங்கே நேராக அளக்கலாம் என்றார். இந்த இழைகள் புறப்படும் செல்களின் அடுக்கான கேங்க்லியான் செல் அடுக்கையும் சேர்த்தே பார்க்கிறார். வீக்கம் அதை அவ்வளவாகக் குழப்பாது.

ஓசிடி டெக்னீஷியன்:
பார்வை நரம்புத் தலையை (நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம்) சுற்றி சுமார் மூன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அளக்கிறோம். வட்டம் நகர்ந்தால் ஒரு பக்கம் மெலிந்து காட்டும். கண் காய்ந்திருந்தால் சிக்னல் குறையும், இழையும் மெலிந்ததாகவே வரும். எங்கள் கருவியில் சிக்னல் மதிப்பெண் பத்துக்கு ஆறாவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், கண்ணை நனைத்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். அப்புறம், ஒரு கம்பெனிக் கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம்.

மைனஸ் எட்டு:
அந்த முதல் தாளை இப்போது எடுத்துப் பார்த்தேன். சிக்னல் 5.