நாட்ச் புரதத்துக்குக் 'குதை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பக்கத்துச் செல்லிடமிருந்து செய்தி வாங்கும் நாட்ச் (Notch) புரதத்துக்குத் தமிழில் 'புற்றூக்கிப் புரதம்', அதாவது புற்றைத் தூண்டும் புரதம், என்று பெயர் வைக்கலாம் என நேற்றைய மடலில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். டி-செல் ரத்தப் புற்று உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் நாட்ச்1 மரபணு மாறிப்போய் ஓயாமல் வேலை செய்கிறது என்று 2004-இல் தெரியவந்தது, அது உண்மைதான். ஆனால் தோலில் கதையே வேறு. அடி அடுக்கில் பிரிந்து பெருகும் செல் மேலே ஏறும்போது 'போதும், இனி முதிர்ந்து கெட்டிப்படு' என்ற செய்தியை வாங்குவதே இந்தப் புரதம் வழியாகத்தான். எலித் தோலில் நாட்ச்1-ஐ நீக்கினால் கட்டி வருகிறது. அல்சைமர் நோய்க்காகச் சோதித்த செமகசெஸ்டாட் என்ற மருந்து, நாட்சை வெட்டிவிடும் காமா செக்ரிட்டேஸ் நொதியைத் தடுப்பது; அந்த வெட்டு விழாமல் நாட்ச் வேலை செய்யாது. எடுத்துக்கொண்டவர்களுக்கு நினைவாற்றலும் மோசமாகி, தோல் புற்றும் கூடி, 2010-இல் சோதனையை நிறுத்தினார்கள். தோலைக் காக்கிற ஒன்றுக்குப் புற்றின் பெயரை எப்படிச் சூட்டுவது?

சரி, வேறு என்ன சொல்? ஆங்கிலத்தில் 'நாட்ச்' என்றால் ஓரத்தில் விழுந்த சிறு வெட்டு; 1910-களில் மரபியல் அறிஞர் மார்கனின் ஆய்வகத்தில் பழ ஈயின் இறக்கை ஓரம் கடித்தெடுத்தது போல இருந்ததைப் பார்த்து வைத்த பெயர் இது. 'வடு' என்றால் தோல் பற்றிய கட்டுரையில் தழும்பு என்றே படிப்பார்கள். 'காடி' எனக்குப் பிடித்திருந்தது. போன வாரம் இங்கே அல்சூரில் கதவு சரிசெய்ய வந்த தச்சர் அண்ணன், பலகையின் ஓரத்தில் உளியை வைத்து நீளமாக இழுத்துக் காட்டி, "இதான் காடி, நீங்க சொல்றது வெறும் வெட்டு" என்றார். அவர் சொன்னது சரி, காடி நீளவாக்கில் ஓடும்.

அப்புறம்தான் 'குதை' நினைவுக்கு வந்தது. வில்லின் நுனியில் நாண் மாட்டுவதற்கு வெட்டியிருப்பார்களே, அது. உருவம் மட்டுமல்ல, வேலையும் ஒத்துப்போகிறது: பக்கத்துச் செல்லின் டெல்டா அல்லது ஜாக்டு புரதம் நாட்சில் வந்து மாட்டி, பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் வெட்டுப்படும் இடம் வெளியே தெரிந்து, அறுபட்ட உள்துண்டு உட்கருவுக்குப் போகிறது. நாணை இழுக்காமல் அம்பு போகாது இல்லையா, அதே மாதிரி.

குதை ஏற்பி (செய்தி வாங்கும் புரதம், receptor), குதைக் குறிகை (செய்தி கடத்தல், signalling) என்று சேர்த்துச் சொல்லவும் வருகிறது. முதல் முறை எழுதும்போது நாட்ச் என்பதையும் கூடவே போட்டுவிடலாம். இதைவிட நல்ல சொல் இருந்தால் மகிழ்ச்சியாக ஏற்கிறேன், பெயருக்குள் 'புற்று' மட்டும் வேண்டாம்.