மருத்துவக் காப்பீடு: வீட்டு பட்ஜெட்டில் பிரீமியத்தை மட்டும் எழுதினால் போதுமா?

'வரவுசெலவு' என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு பட்ஜெட் போட வேண்டும். முன்னால் இரண்டு பாலிசிகள் இருக்கின்றன.

அ: மாதப் பிரீமியம் 2,000. டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, 10,000. அதற்கு மேல் பில்லில் 10% நம் பங்கு. ஆண்டுக்கு நம் கையிலிருந்து போகும் உச்சவரம்பு 30,000.

ஆ: மாதப் பிரீமியம் 1,300. டிடக்டிபிள் 40,000. நம் பங்கு 20%. உச்சவரம்பு 80,000.

இரண்டிலும் உச்சவரம்புக்குள் டிடக்டிபிள் அடக்கம். மலிவானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சேமிப்பது சரியா? இன்னொரு சந்தேகம்: "ஒரு குடும்பம் சராசரியாக இவ்வளவு செலவிடுகிறது" என்று வெளிவரும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

கூட்டிப்பார் எழுதியது:

பிரீமியம் மட்டும் போதாது. நோயில்லாத ஆண்டு, நடுத்தர ஆண்டு, மோசமான ஆண்டு என மூன்றுக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

நோயில்லாத ஆண்டில் அ 24,000, ஆ 15,600. ஆ-வில் மிச்சம் 8,400.

பில் 60,000 என்றால், அ-வில் டிடக்டிபிள் 10,000, மீதி 50,000-இல் 10% ஆக 5,000. பிரீமியத்தோடு சேர்த்து 39,000. ஆ-வில் டிடக்டிபிள் 40,000, மீதி 20,000-இல் 20% ஆக 4,000. மொத்தம் 59,600.

பில் 5 லட்சம் என்றால் இரண்டுமே உச்சவரம்பைத் தொட்டுவிடும். அ 54,000, ஆ 95,600. வித்தியாசம் 41,600.

இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 19,300 பில். குடும்பத்தின் ஆண்டு மருத்துவ பில் அதற்குக் கீழே நின்றால் ஆ லாபம், தாண்டினால் அ லாபம். தொடர்ந்து மாத்திரை, பரிசோதனை என்று போகிறவர் ஒருவர் வீட்டில் இருந்தாலே அந்த எல்லையைத் தாண்ட வாய்ப்பு அதிகம்.

மிச்சத்தைச் சேமிப்பது பற்றி: ஆண்டுக்கு 8,400 வீதம் 41,600 சேர ஐந்து ஆண்டு பிடிக்கும். மோசமான ஆண்டு அதுவரை காத்திருக்காது, முதல் ஆண்டிலேயே வரலாம். ஆகவே, எடுத்த உடனே செலவழிக்கக்கூடிய பணம் 80,000 வங்கியில் இருக்கிற குடும்பத்துக்குத்தான் ஆ பொருந்தும். அது இல்லாமல் ஆ எடுத்தால், காப்பீடு இருந்தும் கடன் வாங்க நேரும்.

அட்டவணை எழுதியது:

சராசரி எண்கள் ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு வருகிறேன். ஒவ்வொருவரும் அளப்பது வேறு வேறு பொருள்.

ஐ.நா.வின் கோய்காப் 2018 என்னும் செலவு வகைப்பாட்டில் மருத்துவம் 6-ஆம் பிரிவு. ஆனால் மருத்துவக் காப்பீடு அங்கே இல்லை. காப்பீடு, நிதிச் சேவைகள் அடங்கிய 12-ஆம் பிரிவில் இருக்கிறது. மருத்துவம் என்ற வரியை மட்டும் பார்ப்பவருக்குப் பிரீமியம் கண்ணில் படாது. தேசியக் கணக்கில் இன்னும் விசித்திரம்: எளிமையாகச் சொன்னால், குடும்பங்கள் கட்டியது 100, கிளெய்மாகத் திரும்பியது 85 என்றால், நுகர்வுச் செலவாகப் பதிவாவது 15 தான். காப்பீட்டு நிறுவனத்தின் சேவைக் கட்டணம் என்று அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பத்து வீடுகளில் நான்கு மட்டும் தலா 20,000 கட்டுகின்றன என்று வையுங்கள். எல்லா வீடுகளுக்குமான சராசரி 8,000. காப்பீடு உள்ள வீடுகளின் சராசரி 20,000. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், அதாவது இடைநிலை, பூஜ்யம். மூன்றும் சரியான எண்களே. உங்கள் பட்ஜெட்டுக்கு உதவுவது காப்பீடு உள்ள வீடுகளின் சராசரி மட்டும். அதுவும் வயதும் ஆள் எண்ணிக்கையும் ஒத்த குடும்பங்களுடையதாக இருந்தால்தான்.

நாடு விட்டு நாடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் அடிப்படை விகிதம் சம்பளத்தில் 14.6%, அதில் பாதி தொழிலாளி, பாதி முதலாளி, மேலே கூடுதல் விகிதம் ஒன்றும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பிரீமியம் தலைக்கு இவ்வளவு என்றுதான், வருமானத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. பிரிட்டனில் பெரும்பகுதி வரிப் பணத்திலிருந்தே போகிறது. அங்கே பிரீமியம் குறைவாகத் தெரிவதால் மருத்துவம் மலிவு என்று ஆகாது.

மருத்துவச் செலவின் சுமையை அளக்கும் ஐ.நா. நீடித்த வளர்ச்சி இலக்கு 3.8.2-இல் பல ஆண்டுகள் பயன்பட்ட, குடும்பத்தின் மொத்தச் செலவில் அல்லது வருமானத்தில் 10%, 25% என்ற எல்லைகளும் கையிலிருந்து நேரே போகும் செலவுக்கானவை. பிரீமியம் அதில் சேராது.

சிறுஎழுத்து எழுதியது:

கூட்டிப்பார் போட்ட கணக்கு சரி. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பாலிசியில் சில இடங்களைத் தேடிப் படியுங்கள், கணக்கு கவிழ்வது அங்கேதான்.

டிடக்டிபிள் ஆளுக்கா, குடும்பத்துக்கா? ஆளுக்கு என்றால், ஒரே ஆண்டில் இருவர் படுத்தால் இரண்டு முறை கட்ட வேண்டும். கிளெய்முக்கு ஒன்று என்றால் இன்னும் மோசம்: சின்னச் சின்ன பில்கள் எதுவுமே எல்லையைத் தாண்டாது, எல்லாம் உங்கள் தலையில் விழும். ஆண்டு முடிவில் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதால், சிகிச்சை இரண்டு பாலிசி ஆண்டுகளில் நீண்டால் மறுபடியும் முதலிலிருந்து. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சையானால், தொடர் பரிசோதனைகளும் அதே ஆண்டுக்குள் முடிகிற மாதிரி தேதி வாங்குங்கள்.

உச்சவரம்பு என்பது பாலிசி ஏற்கும் செலவுக்கு மட்டுமே. விலக்கப்பட்டவை, பட்டியலில் இல்லாத மருத்துவமனை, வரம்புக்கு மேற்பட்ட அறை வாடகை எல்லாம் அதற்கு வெளியே. 80,000 என்று நம்பியிருப்பவருக்கு 1,10,000 பில் வருவது இப்படித்தான்.

பல பாலிசிகளில் பிரீமியம் வயதோடு ஏறும், அதுவும் சில வயதுகளில் படி தாண்டுவது போல. இந்த ஆண்டுத் தொகையை மட்டும் பார்க்காமல், குடும்பத்தின் மூத்தவருக்கு ஐந்து, பத்து ஆண்டு கழித்துள்ள வயதுக்கான தொகையையும் கேட்டு வாங்குங்கள். மாதத் தவணைக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

வரவுசெலவு:

தெளிவாகிவிட்டது, நன்றி. கடைசியாக ஒன்று: பிரீமியத்தில் பாதியை வேலை செய்யும் நிறுவனமே கட்டினால் பட்ஜெட்டில் எதை எழுதுவது?

கூட்டிப்பார்:

செலவு வரியில் சம்பளத்தில் பிடித்தம் ஆகும் பாதியை எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே முழுப் பிரீமியத்தையும் குறித்து வையுங்கள். வேலை போனால் அவசரக்கால நிதி தாங்க வேண்டியது அந்த முழுத் தொகையை. நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கும், சொந்தப் பாலிசிக்கு மாறினால் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் (அவற்றுக்குக் காப்பீடு பணம் தராத ஆரம்பக் காலம்) புதிதாகத் தொடங்குமா என்ற இரண்டையும் வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.