காலையில் நீலப்புகை, பிளக்கில் ஆயில்: போர் வேலை தேவையா?

கேள்வி
வணக்கம். 150 சிசி, பிஎஸ் 6, எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) பைக். 52,000 கி.மீ. ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மலை இறக்கத்தில் த்ராட்டிலை மூடி இறங்கி, கீழே வந்து முறுக்கினால் குப்பென்று ஒருமுறை வருகிறது. 1,000 கி.மீ.க்கு 200 மில்லி ஆயில் குறைகிறது. பிளக் கறுத்து, மரையில் ஆயில் ஈரம். இழுவை நன்றாகவே இருக்கிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, போர் போட (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் மாட்ட) வேண்டும் என்கிறார் மெக்கானிக். ரிங்தானா?

பதில் 1
இது வால்வு சீல் (வால்வு தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) போன வண்டியின் குணம். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் அதிகம். ஹெட்டில் (சிலிண்டரின் மேல்பகுதி) இருக்கும் ஆயிலை வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியே உறிஞ்சிவிடும். ராத்திரி முழுக்க நின்றாலும் அதே வழியாகத்தான் கசியும். ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில், டபுள்ஸில் புகை நிற்காமல் வரும், இழுவையும் விழும்.

முதலில் ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அளவு கூடினால் பிரீதர் குழாய் (இன்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் காற்றுக்குழாய்) வழியாகவும் ஆயில் உள்ளே போகும்.

பதில் 2
போருக்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினைச் சூடாக்கி, ஃபியூவல் பம்ப் கனெக்டரைக் கழற்றி, பிளக்கை எடுத்து கேஜ் மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பிறகு பிளக் துளையில் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி. ஆயில் இடுக்கை அடைத்து அளவு நன்றாக ஏறினால், தேய்ந்தது ரிங் அல்லது போர். கேம்ஷாஃப்டில் டிகம்ப்ரஷர் (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் முள் குறைவாகவே காட்டும். அதை மட்டும் வைத்து ரிங் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

கேள்வி கேட்டவர்
பார்த்தாச்சு: முதலில் 150, ஆயில் விட்டபின் 155 பிஎஸ்ஐ. ஆயில் அளவு சரி, ஏர் ஃபில்டர் பெட்டி காய்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?

பதில் 1
வேண்டாம். வித்தியாசம் 5தான், கம்ப்ரஷன் சரி; ஆனாலும் எரியும் ஆயில் பிஸ்டன் தலையில் கரியாகப் படியும். கரி கனன்றால் ஸ்பார்க்குக்கு முன்பே பெட்ரோல் பற்றும். ஆயில் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கும், ஏற்றத்தில் நாக்கிங் (இன்ஜினில் டக்டக் என்ற தட்டல்) வரும். பிஎஸ் 6 வண்டியில் இன்னொரு செலவு: ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். கனமான ஆயில் ஊற்றுவதும் அதிகம் சூடாகும் வகை பிளக் போடுவதும் நோயை மறைக்கும், அவ்வளவுதான்.

ஹெட்டை இறக்குங்கள். புது சீல் மட்டும் மாட்டி அனுப்ப விடாதீர்கள். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் கைடு ஆட்டம் கையில் தெரியும். ஆட்டம் இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும். வால்வு தண்டில் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கூர்மை. அதன்மேல் டேப் சுற்றி, ஆயில் தடவி சீலை இறக்கணும். ஹெட் கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க்குக்கு, குறுக்காக, இரண்டு மூன்று தடவையாக முறுக்கி, டேப்பெட் இடைவெளியை (வால்வு கிளியரன்ஸ்) ஆறிய இன்ஜினில் வைக்கணும்.

பதில் 2
ஒன்று சேர்க்கிறேன். கம்ப்ரஷன் சரியாக இருப்பதால் ஆயில் ரிங்கும் (சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழிக்கும் கீழ் ரிங்) சரி என்று ஆகாது. கரி பிடித்து அது மட்டும் இறுகியிருக்கலாம். ஹெட் திறந்ததும் பிஸ்டன் தலையைத் துடைக்காமல் பாருங்கள். ஓரம் மட்டும் ஆயில் கழுவியதுபோல் பளபளவென்று இருந்தால் ஆயில் ரிங்கைத் தாண்டி வருகிறது. ஓரம் வரை கரி காய்ந்து, இன்டேக் வால்வின் முதுகில் ஈரக்கரி திரண்டிருந்தால் சீல்தான். பிளாக்கை (சிலிண்டரை) தொடவே வேண்டாம்.